பணியில் இருப்பவருக்கு மேலாண்மைக் கல்வி: நெய்வேலி கேட்கும் பாடத்திட்டம்

1961 ஆகஸ்டில் நெய்வேலியின் முதல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தொடங்கப்பட்டன. நேரு காலத்தின் ஒரே கனவிலிருந்துதான் இவை எல்லாம் வந்தன. பொதுத்துறையில் பெரிய தொழில்களைக் கட்ட வேண்டும், அவற்றை நடத்தத் தெரிந்தவர்களையும் இந்த நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பது அந்தக் கனவு. தொழில்கள் வந்தன, கழகங்களும் வளர்ந்தன. ஆனால் நெய்வேலி போன்ற ஓர் ஊரில் சுரங்கத்தையும் மின் நிலையத்தையும் நடத்திக்கொண்டே மேலாண்மை படிக்க விரும்பும் ஒருவருக்கு, அவருடைய வேலையிலிருந்தே எழுந்த ஒரு பாடத்திட்டம் இன்றும் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. அது ஏன், அதை எப்படிச் சரிசெய்யலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் ஒன்றும் வந்ததிலிருந்து நெய்வேலியின் கதையைத் தொடங்குவது வழக்கம். கரியும் தண்ணீரும் சேர்ந்தே வந்தன என்பதுதான் அந்தக் கதையின் உயிர். கரிப் படிவத்துக்குக் கீழே இருக்கும் நீர்த்தாங்கி, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையான அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு நீர் புகுந்துவிடும். மேலே இருந்து வரும் சிக்கல் வேறு. ஒரு டன் கரியை எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். எடுத்த கரியில் ஏறத்தாழ பாதி எடை ஈரம். அதை வெகுதூரம் சுமந்து செல்வது கட்டுப்படியாகாது. காற்றில் நெடுநாள் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். ஆகவே சுரங்கத்தின் வாயிலேயே மின் நிலையம். பக்கெட் வீல் இயந்திரம் வெட்டிய கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறிப் பாய்லரின் கரித்தொட்டியான பங்கரில் விழுவதற்குள் எங்கோ ஓரிடத்தில் ஒன்று நின்றால், அடுத்த ஷிப்டுக்குள் அதன் விளைவு மின்சாரத்தில் தெரிந்துவிடும்.

1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று முதல் சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். மண் வெட்டும் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்தும், 600 மெகாவாட் திறனுள்ள முதல் அனல் மின் நிலையத்தின் தொழில்நுட்பம் சோவியத் நாட்டிலிருந்தும் வந்தன. இரண்டு நாட்டு நிபுணர்கள், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த பொறியாளர்கள், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் என இவர்களையெல்லாம் வைத்து, முன்மாதிரியே இல்லாத ஒரு வேலையை அன்றைய மேலாளர்கள் செய்து காட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மேலாண்மைப் பட்டம் இல்லை. அதற்காக மேலாண்மைக் கல்வி தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் வேலை செய்து கற்றுக்கொண்டதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஒரு வகுப்பறை அமையவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சுரங்கத் தொழிலில் அனுபவத்தையும் படிப்பையும் சேர்த்துப் பார்க்கும் பழைய மரபு ஒன்று உண்டு. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் 17-ஆம் பிரிவில், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தகுதிபெற்ற ஒரே மேலாளர் இருக்க வேண்டும் என்று வகுத்தது. அந்தத் தகுதியை அளிப்பது கல்லூரி அன்று. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் முதல் வகுப்புச் சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும். பொறியியல் பட்டம் இருந்தாலும் சுரங்கத்தில் குறிப்பிட்ட காலம் வேலை செய்த பிறகே அதை எழுத முடியும். அத்தேர்வில் சுரங்க மேலாண்மை, சட்டம், பொதுப் பாதுகாப்பு ஆகியவை ஒரே தாளில் வருகின்றன. பாய்லர் பக்கம் போனால் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் சான்றிதழ். அங்கும் முதலில் அனுபவம், பிறகுதான் தேர்வு. நெய்வேலி அதிகாரிகள் மதிப்போடு பேசும் தகுதிகள் இவை. இதே ஊர்க்காரர்கள் எம்.பி.ஏ. என்று வரும்போது மட்டும் அனுபவத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது.

பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மேலாண்மைக் கல்வியின் கதவைத் திறந்தது அஞ்சல்வழிக் கல்விதான். பேச்சு வழக்கில் “கரஸ்ல எம்.பி.ஏ.” நெய்வேலிக்கு மிக அருகே, சிதம்பரத்தில், 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் பிறந்து, 1987-இல் தன் முதல் படிப்புகளுள் ஒன்றாக மேலாண்மைப் பட்டயத்தை வைத்தது. இக்னோவின் பழைய எம்.பி.ஏ. பாடநூல்களை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எம்.எஸ்.-1 மேலாண்மைப் பணிகளும் நடத்தையும், எம்.எஸ்.-4 மேலாளருக்கான கணக்கியலும் நிதியும்; கடைசியாக எம்.எஸ்.-100 என்ற பிராஜெக்ட். அசைன்மென்ட்டுக்கு 30 விழுக்காடு மதிப்பெண், ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும் தேர்வுக்கு 70 விழுக்காடு.

இரண்டாம் ஷிப்டு முடிந்து இரவு பதினொரு மணிக்கு மேல் வீடு திரும்பும் ஒரு பொறியாளருக்கு இந்த முறை எவ்வளவு பெரிய கொடை என்பதை நகரத்தில் முழுநேரம் படித்தவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். சென்னை சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பெருநகரங்களில் பணியாளர்களுக்கென நடக்கும் மாலை வகுப்பும் வார இறுதி வகுப்பும் ஷிப்டு மாறும் ஊருக்கு ஒத்துவராது. சமையலறை மேசையில் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு நடுவே இடம் பிடித்து அசைன்மென்ட் எழுதிய தலைமுறை ஒன்று தொழில் நகரங்கள் அனைத்திலும் உண்டு. அவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்த உழைப்பிலிருந்து சுரங்கமும் மின் நிலையமும் பெற்றுக்கொள்ள வேண்டியதைப் பெறவில்லை என்பதுதான் வருத்தம்.

காரணங்களில் ஒன்று, நிறுவனமும் ஊழியரும் பட்டத்தைப் பதவி உயர்வுப் பட்டியலில் சேர்க்கும் ஒரு வரியாகவே பார்த்தது. இன்னொன்று, பல்கலைக்கழகங்கள் அனுபவத்துக்குக் கொடுத்த இடம் தேய்ந்துகொண்டே வந்தது. தொடக்கத்தில் இக்னோ, பட்டத்தோடு மூன்று ஆண்டு மேற்பார்வை அல்லது மேலாண்மை அனுபவத்தையும் கேட்டது. பின்னர் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் இருந்தாலே போதும் என்று அது தளர்ந்தது. கல்வி பரவலாக வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆனால் கல்லூரியிலிருந்து நேரே வந்தவருக்கும் பன்னிரண்டு ஆண்டு சுரங்கத்தில் நின்றவருக்கும் ஒரே பாடத்தை, ஒரே கேள்வித்தாளை வைத்தால் பின்னவரின் அனுபவத்துக்கு அங்கே வேலையே இல்லாமல் போகிறது. இவற்றுக்கு மேல் அங்கீகாரக் குழப்பம் வேறு. 2014-15 கல்வியாண்டு வரைக்கே அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இருந்தது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் பொது எச்சரிக்கை விடுத்தபோது, நடுவயதில் படித்துப் பட்டம் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஒழுங்குமுறை அமைப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான வழக்கில் படித்தவரை நிறுத்தி வைப்பது பெரும் அநீதி.

பாடத்தின் உள்ளடக்கத்துக்கு வருவோம். என் மனக்குறை மிகுதியாக இருப்பது இங்கேதான்.

எம்.பி.ஏ. வகுப்பில் சந்தையியல் என்றால் பிலிப் கோட்லரின் 1967-ஆம் ஆண்டு நூல் வகுத்த வழி. வாடிக்கையாளரைப் பிரித்தறிவது, விலை நிர்ணயிப்பது, பிராண்ட் வளர்ப்பது. நெய்வேலி யாருக்கு விற்கிறது? தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றின் மின் விநியோக அமைப்புகளுக்கு, நீண்டகால ஒப்பந்தப்படி. விலையை நிர்ணயிப்பது யார்? மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்த ஆணையம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கு விதிகளை வெளியிடுகிறது. இப்போது நடப்பது 2024-29 காலத்துக்கானது. அந்த விதிப்படி மின்கட்டணம் இரண்டு பகுதி. மின் நிலையம் ஓடத் தயாராக இருப்பதற்காகத் தரப்படும் திறன் கட்டணம் ஒன்று. எரித்த எரிபொருளுக்கான ஆற்றல் கட்டணம் மற்றொன்று. நிலையம் எத்தனை விழுக்காடு நேரம் தயார்நிலையில் இருக்க வேண்டும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு வெப்பம் செலவாகலாம், நிலையத்தின் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என எல்லாவற்றுக்கும் வரையறை உண்டு. வரையறைக்குள் நடத்தினால் செலவு திரும்பி வரும், பங்கு முதலீட்டுக்கு நிர்ணயித்த வருவாயும் வரும். வரையறை மீறினால் அந்த இழப்பு நிறுவனத்தின் தலையில்.

இதன் பொருள் என்ன? ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரி எரிகிறது. கரியில் ஈரமோ மண்ணோ கொஞ்சம் கூடினால் வெப்பச் செலவு கூடுகிறது. சுரங்கத்தில் மேல்மண்ணுக்கும் கரிக்கும் இடையிலான எல்லையில் பக்கெட் வீலை ஓட்டுபவர் எவ்வளவு கவனமாக வெட்டுகிறார் என்பது ஆணையத்தின் முன் நிறுவனம் காட்டும் கணக்கில் போய் முடிகிறது. தாமதமான பராமரிப்பால் மின் உற்பத்தி யூனிட் ஒன்று திட்டமிடாமல் நின்று, தயார்நிலை வரையறைக்குக் கீழே போனால் திறன் கட்டணம் குறைகிறது. விற்ற மின்சாரத்துக்கு விநியோக நிறுவனங்கள் பணம் தராமல் இழுத்தடித்தால் நடைமுறை மூலதனம் திணறுகிறது. ஓர் அனல் மின் நிலைய ஷிப்டு பொறியாளர் கற்க வேண்டிய நிதி மேலாண்மை இந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. பங்குச் சந்தைச் சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய அதே மனிதருக்கு, தன் கையில் இருக்கும் வால்வுக்கும் ஆணையத்தின் உத்தரவுக்கும் இருக்கும் தொடர்பை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் அந்தக் கல்வி அவருக்கு எதைக் கொடுத்தது?

இது நம் நாட்டுக் குறை மட்டுமில்லை. 1959-இல் அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் வணிகக் கல்வி பற்றி வெளியிட்ட இரு அறிக்கைகள், அக்கல்வி கீழ்த்தரமாக இருக்கிறது, அறிவியல் முறையில் மாற வேண்டும் என்று சாடின. வணிகப் பள்ளிகள் கணிதம், பொருளியல், உளவியல் பக்கம் திரும்பின. அந்த அலை உச்சத்தில் இருந்தபோதுதான் எம்.ஐ.டி.யின் துணையோடு கல்கத்தாவிலும் ஹார்வர்டின் துணையோடு ஆமதாபாத்திலும் நம் கழகங்கள் எழுந்தன. தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் வேலையே செய்திராத இளைஞர்களுக்கு வேலையை நடத்தக் கற்பிப்பது என்ற முரண்பாடும் கூடவே வந்தது. 2002-இல் ஜெஃப்ரி ஃபெஃபரும் கிறிஸ்டினா ஃபாங்கும், எம்.பி.ஏ. பட்டம் தொழில்வாழ்க்கை வெற்றியோடு தொடர்புடையது என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்று எழுதினார்கள். 2004-இல் கனடாவின் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், பணியில் இருக்கும் மேலாளர்களுக்குத்தான் மேலாண்மையைக் கற்பிக்க முடியும், அதுவும் அவர்கள் வேலையை விட்டு விலகாமல் இருக்கும்போதுதான் என்று ஒரு நூல் முழுக்க வாதிட்டார். அவர் 1996-இல் உருவாக்கிய பன்னாட்டுப் படிப்பில் ஐ.ஐ.எம். பெங்களூரும் பங்காளியாக இருந்தது. அந்த யோசனை இந்தியாவுக்கு அன்றே வந்துவிட்டது. நெய்வேலி போன்ற ஊர்களுக்கு வரவில்லை.

மேலாண்மைச் சிந்தனையின் வேர்களில் முக்கியமான சில, நிலக்கரிச் சுரங்கங்களில்தான் இருக்கின்றன. இதை நெய்வேலிக்காரர்கள் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலாண்மைப் பாடநூல்களின் முதல் அத்தியாயத்தில் வரும் ஹென்றி ஃபயோல், 1860-இல் பத்தொன்பது வயதில் பிரான்சின் கமான்ட்ரி சுரங்கத்தில் பொறியாளராகச் சேர்ந்தவர். சுரங்கத்துக்குள் தானாகப் பற்றும் தீயை அணைப்பதுதான் அவருடைய தொடக்ககால வேலைகளுள் ஒன்று. நெய்வேலிக்கு மிகவும் தெரிந்த சிக்கல். 1888-இல் நொடிந்துபோகும் நிலையில் இருந்த நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று அதை மீட்டார். 1916-இல் தம் கோட்பாட்டைச் சுரங்கத் தொழில் சங்கம் ஒன்றின் இதழில்தான் வெளியிட்டார். பொறியியல் பள்ளிகள் கணிதத்தை அளவுக்கு மீறிக் கற்பிக்கின்றன, நிர்வாகத்தைக் கற்பிப்பதே இல்லை என்பது அவருடைய புகார். நூறு ஆண்டு கடந்தும் அப்புகார் பழசாகவில்லை.

ஃபயோலைவிட என்னை அதிகம் ஈர்ப்பவர் கென் பாம்ஃபோர்த். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் நிலக்கரித் தொழிலாளியாக இருந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனின் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனம், தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் சிலரை முதுநிலை ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டது. ஓராண்டு படித்த பிறகு அவரவர் பழைய வேலையிடத்துக்குத் திரும்பிப் போய்ப் புதிய கண்ணோடு பார்த்து எழுதி வரச் சொன்னார்கள். பாம்ஃபோர்த் தம் பழைய சுரங்கத்துக்குப் போனார். சிறு குழுக்களாகச் சேர்ந்து முழு வேலையையும் தாங்களே பகிர்ந்து செய்துவந்த தொழிலாளர்களை, புதிய இயந்திர முறை தனித்தனி ஷிப்டுகளாக, தனித்தனித் துண்டு வேலைகளாகப் பிரித்துப் போட்டிருந்ததன் கேடுகள் அவருக்குத் தெரிந்திருந்தன. சில இடங்களில் தொழிலாளர்களே புது இயந்திரத்தோடும் குழு முறையை மீட்டிருந்ததும் கண்ணில் பட்டது. டாவிஸ்டாக்கின் எரிக் டிரிஸ்டோடு சேர்ந்து அவர் 1951-இல் வெளியிட்ட கட்டுரை, தொழில்நுட்பத்தையும் மனித உறவையும் ஒன்றாக வடிவமைக்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு அடித்தளமாயிற்று. உலகின் பல மேலாண்மைப் பள்ளிகளில் இன்று அது பாடம். ஒரு சுரங்கத் தொழிலாளி முதுநிலைக் கல்வி பெற்றுத் தன் சுரங்கத்துக்கே திரும்பியதால் விளைந்த அறிவு அது.

அதே காலத்தில் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்துக்கு முதல் கல்வி இயக்குநராக இருந்தவர் ரெஜினால்ட் ரெவன்ஸ். இயற்பியலாளர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவர். சுரங்க மேலாளர்களுக்கு நிபுணர்கள் வந்து சொற்பொழிவாற்றுவதைவிட, அவர்கள் சிறு குழுவாகக் கூடித் தங்கள் சுரங்கத்தில் தீராத ஒரு சிக்கலை மற்றவர் முன் வைத்துக் கேள்விகளால் குடைந்து, திரும்பிப் போய்ச் செய்து பார்த்து, மீண்டும் வந்து சொல்வதே நல்ல கல்வி என்று அவர் கண்டார். செயல்வழிக் கற்றல் என்று இன்று உலகெங்கும் வழங்கும் முறை அதிலிருந்து வந்ததுதான்.

ஃபயோல், பாம்ஃபோர்த், ரெவன்ஸ் ஆகியோரை மேலாண்மைத் தேர்வுக்காகப் படித்த நெய்வேலி மேலாளர்கள் பலர் இருப்பார்கள். அவர்கள் செய்ததைத் தம் ஊரில் செய்து பார்க்கும் வாய்ப்புதான் அவர்களுக்குத் தேவை. ஆய்ந்து கற்க வேண்டிய நிகழ்வுகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் இரண்டு பாய்லர் விபத்துகள். எட்டு வாரத்துக்குள் இரண்டு. பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள்; அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்கால இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. விபத்து விசாரணை அறிக்கை பொறுப்பைத் தேடும்; அது அதன் கடமை. கல்வி வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதல் விபத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் எந்தச் செய்தி எந்த மேசையில் நின்றது? ஒரு யூனிட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் காகிதத்தில் யாருக்கு இருந்தது, நடைமுறையில் யாருக்கு இருந்தது? திறன் கட்டணக் கவலை ஷிப்டு மேலாளரின் மனதில் எவ்வளவு எடை கொண்டிருந்தது? ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் கசிவைக் கண்டால் யாரிடம், எந்த மொழியில் சொல்வார், சொன்னதற்காக அடுத்த நாள் வேலை போகாது என்று அவருக்கு யார் உறுதி கொடுத்திருந்தார்கள்?

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவி என்ற ஊரில் நடந்ததும் அப்படி ஆய்ந்து கற்க வேண்டியதே. சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் பிடிக்கவிருந்த நெல் வயலில் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது, பருவமழைக்கு முன் கால்வாய் முடிய வேண்டும் என்பது நிறுவனத்தின் தரப்பு. பயிர் அறுவடையாகும்வரை பொறுக்கக் கூடாதா என்பது உழவர்களின் கேள்வி. இரண்டு நாளில் போராட்டம் வன்முறையில் முடிந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டப்படி உரிமை இருந்தாலும் விளைந்துவந்த நெல்லின் மேல் இயந்திரத்தை ஏற்றியது பெரும் தவறு என்பதே என் கருத்து. ஆனால் அந்தத் தவறு எந்த வழியில் முடிவாகியது என்பதை ஆராய்வதே மேலாளருக்குப் பாடம். கால்வாயின் கால அட்டவணை வகுத்தவர், நிலப் பிரிவில் கோப்பு வைத்திருந்தவர், நடவு நடக்கும்போது அதைத் தினமும் பார்த்துக்கொண்டே சாலையில் சென்றவர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் எப்போது உட்கார்ந்தார்கள்?

மூன்றாவது நிகழ்வு, மூடுதல். 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள். பழைய இயந்திரங்களை அத்தனை காலம் ஓட்டிய கைத்திறன், அதைச் சுற்றி வாழ்ந்த ஒப்பந்தத் தொழிலாளர், கடைகள், குடும்பங்கள் எல்லாம் அந்த முடிவில் அடங்கும். நிலக்கரியிலிருந்து விலகும் காலத்தில் உலகம் முழுவதும் சுரங்க ஊர்கள் இதே கேள்வியைச் சந்திக்கின்றன. 2016-இல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், ஒடிசாவின் தலபிராவில் நிலக்கரியும் பல இடங்களில் சூரிய மின்சாரமுமாக விரிந்திருக்கிறது. விரிவதைக் கற்பிக்கப் பாடநூல்கள் நிறைய உண்டு. ஒழுங்காக மூடுவதைக் கற்பிக்க நெய்வேலியை விட்டால் தமிழ்நாட்டில் வேறு நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொறியியல் தகுதித் தேர்வான கேட் மதிப்பெண் வழியே நாடு முழுவதிலிருந்தும் பட்டதாரி நிர்வாகப் பயிற்சியாளர்கள் நெய்வேலிக்கு வருகிறார்கள். 2022-இல் 299 பணியிடங்களுக்கான தேர்வில் தமிழர்கள் இல்லை என்று எழுந்த எதிர்ப்பு அனைவரும் அறிந்தது. வேலைவாய்ப்பு நீதி பற்றிய அந்த விவாதம் தனி. மேலாண்மைக் கல்வியின் கோணத்தில் பார்த்தால், தொழிலாளி தமிழில் எச்சரிப்பதை மேலாளர் புரிந்துகொள்ள முடியாத நிலை பாதுகாப்புக் குறைபாடு. வளையமாதேவி உழவரிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசும் அதிகாரியால் நம்பிக்கை பெற முடியாது. நெய்வேலிக்கான எந்த மேலாண்மைப் படிப்பிலும் பேச்சுத் தமிழ் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். அதே அளவுக்கு, தமிழில் சிந்திக்கும் மேற்பார்வையாளர் தம் பிராஜெக்ட் அறிக்கையைத் தமிழில் எழுதவும் உரிமை வேண்டும்.

தொழில் நகரமும் மேலாண்மைப் பள்ளியும் சேர்ந்து வளர முடியும் என்பதற்கு ஜாம்ஷெட்பூர் சான்று. 1949-இல் ஏசு சபையின் க்வின் என்ரைட் அடிகள் அங்கே தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ., தொழிற்சங்கத்தாருக்கும் மேலாளர்களுக்கும் சேர்த்தே கற்பித்தது. தொழிலாளர் உறவு பற்றிய கல்வியில் அது நாட்டில் முன்னணியில் நிற்பதற்கு அந்த எஃகு நகரத்தின் வாசல் முக்கியக் காரணம். கோல் இந்தியா 1994-இல் ராஞ்சியில் தனக்கென ஒரு மேலாண்மை நிறுவனத்தை வைத்தது. என்.டி.பி.சி. 2014-இல் நொய்டாவில் வணிகப் பள்ளியைத் தொடங்கியது. நெய்வேலியில் 20-ஆம் வட்டத்தில் என்.எல்.சி.யின் கற்றல் மேம்பாட்டு மையம் இருக்கிறது. கட்டடமும் மரபும் உள்ள அந்த இடத்தில், பட்டம் வழங்கும் அதிகாரம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் துணையோடு, பணியில் இருப்பவர்களுக்கான முதுநிலைப் படிப்பு ஒன்றை நடத்துவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

வார இறுதி வகுப்பு ஷிப்டுக்காரருக்கு உதவாது என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு முழு வாரம் வகுப்பு வைக்கலாம். ஷிப்டு பட்டியல் போடும்போதே அந்த வாரத்தை ஒதுக்கிவிடலாம். குறைந்தது எட்டு ஆண்டு பணி அனுபவம் நுழைவுத் தகுதியாகட்டும். ஒரு குழுவில் சுரங்கம், அனல் மின் நிலையம், நிதி, நிலப் பிரிவு, மனிதவளம் ஆகியவற்றிலிருந்து ஆட்கள் கலந்திருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமான இன்கோசர்வின் மேற்பார்வையாளர்களுக்கும் தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கும் அதில் நாற்காலி வேண்டும். கடலூர் சிப்காட் ஆலைகளிலிருந்தும் மாநில மின் நிலையங்களிலிருந்தும் சிலரைச் சேர்த்தால், உள்ளூர்ப் பழக்கத்தை இயற்கை என்று எண்ணும் மயக்கம் தெளியும். ஒவ்வொருவரும் தம் பிரிவில் தீராத ஒரு சிக்கலோடு வந்து, ரெவன்ஸ் சொன்னபடி மற்றவர் கேள்விகளுக்கு ஆட்பட்டு, திரும்பிப் போய்ச் செய்து பார்த்து, பலித்ததையும் பலிக்காததையும் எழுதித் தர வேண்டும். அந்த எழுத்துதான் தேர்வு.

நிறுவனத்தின் உள்விவகாரங்களை வகுப்பறையில் விரிப்பது ஆபத்து என்று ஓர் எதிர்ப்பு வரும். வழக்கில் இருப்பதையும் வணிக இரகசியத்தையும் விலக்கி எழுதும் முறை, நோயாளியின் பெயரில்லாமல் நோய் வரலாறு எழுதும் மருத்துவக் கல்வியில் நெடுங்காலமாக இருக்கிறது. நெய்வேலிக்கே உரிய படிப்பு வேறு ஊரில் செல்லுமா என்று இன்னொரு கேள்வி. ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கட்டணம், நிலம் இழந்த மக்கள், ஒப்பந்தத் தொழில், நீர், மூடுதல் ஆகியவற்றை ஆழமாகக் கற்ற ஒருவர் இந்தியாவின் எந்தச் சுரங்கத்திலும், துறைமுகத்திலும், மின் நிலையத்திலும் மதிப்புப் பெறுவார். பட்டம் மட்டும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிக்கு எள்ளளவும் பிசகாததாக இருக்க வேண்டும். அண்ணாமலை மாணவர்கள் பட்ட பாட்டை இன்னொருவர் படக் கூடாது.

இந்த ஆண்டு தொலைதூர எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கும் சுரங்க அல்லது அனல் மின் நிலைய அதிகாரி இதைப் படித்தால் அவரிடம் ஒரு வேண்டுகோள். அப்படிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பிராஜெக்ட்டை இணையத்தில் கிடைக்கும் வாடிக்கையாளர் திருப்தி ஆய்வின் நகலாக ஆக்காமல், உங்கள் பிரிவில் சென்ற ஆண்டு தவறிப்போன ஒன்றைப் பற்றி எழுதுங்கள். நிறுவனத்திடமும் ஒரு வேண்டுகோள்: தொடங்கும் படிப்பில் முதல் பாடம் 2020-இன் இரண்டு பாய்லர் விபத்துகளாக இருக்கட்டும். முதல் அனல் மின் நிலையத்தைக் கடைசிவரை ஓட்டியவர்களும் அந்த இரண்டு மாதங்கள் இரண்டாம் நிலையத்தில் ஷிப்டு பார்த்தவர்களும் ஆண்டுதோறும் ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போவதற்குள் உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.